தூங்கச் சொல்லிக்கொடுக்க வந்தவள்

தூக்கம் வராதவளுக்கு ஊரில் எல்லோரும் வைத்தியர்கள். எனக்குப் பதினோரு வருடமாகத் தூக்கம் இல்லை. இந்தப் பதினோரு வருடத்தில் எனக்கு யோசனை சொல்லாதவை எங்கள் ஊர் ஸாஃபி துறைமுகத்துக் கடற்பறவைகள் மட்டும்தான்.

மூலிகைக் கடைக்காரன் ஒரு பொட்டலம் கொடுத்தான். கொதிக்க வைத்துக் குடித்தேன், வயிற்றால் போனது. மருத்துவமனையில் ஓர் இளம் டாக்டர் என் முகத்தைப் பார்க்காமலே, "தினமும் ஒரே நேரத்துக்குப் படுங்க, ஒரே நேரத்துக்கு எழுந்திரிங்க" என்று எழுதிக்கொடுத்தான். மத்தி மீனுக்கும் அதையே எழுதிக்கொடு தம்பி, நானும் படுக்கிறேன் என்றேன். அவனுக்குப் புரியவில்லை. மீன் நாற்றத்துக்கு மூக்கைத் திருப்பிக்கொண்டான். என் புருஷன் அய்யாத் சொல்லும் யோசனை இன்னும் சுருக்கம்: "கண்ண மூடு, யாம்னா." சொல்லி முடிப்பதற்குள் அவன் குறட்டை விடுவான். முப்பது வருடம் படகில் வலை இழுத்தவன், இப்போது தூங்குவதையே உத்தியோகமாக வைத்திருக்கிறான்.

எங்கள் வேலை மத்தி மீனைத் தலை கிள்ளி, குடல் உருவி, டப்பாவில் அடுக்குவது. படகு வந்தால் வேலை. படகு எப்போது வரும் என்று படகுக்கே தெரியாது. நான் சேர்ந்த காலத்தில் ஒவ்வொரு ஆலைக்கும் ஒரு சங்கு இருந்தது. எங்கள் ஆலையின் சங்கு மாடு ஈனும்போது கத்துவது போல இருக்கும், மூன்று முறை. அது கேட்டதும் மலைச்சரிவு வீடுகளிலிருந்து பெண்கள் முக்காட்டைச் சுற்றிக்கொண்டே இறங்கி ஓடுவோம். எந்த நேரமானாலும் ஓடுவோம். பிரசவமாகி எட்டாம் நாள் ஓடியவளை எனக்குத் தெரியும். பிறகு சங்கை எடுத்துவிட்டார்கள், ஊருக்குச் சத்தம் ஆகாதாம். இப்போது போன்.

எங்கள் மேற்பார்வைக்காரி பதூல், எல்லோரும் அவளை ஷெஃபா என்போம், துறைமுகத்தில் நின்று மீனைப் பார்த்துவிட்டுப் பட்டியல்படி ஒவ்வொருத்தியையும் கூப்பிடுவாள். ஒரே ஒரு முறை. எடுக்காவிட்டால் பெயருக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி. மூன்று புள்ளி விழுந்தால் பட்டியலில் பெயர் இல்லை. பிறகு வாசல்காரிகளோடு நிற்க வேண்டியதுதான். வாசல்காரிகள் என்றால் கேட்டுக்கு வெளியே நின்று, இன்று ஆள் குறைகிறதா என்று எட்டிப் பார்ப்பவர்கள். கிடைத்தால் வேலை, இல்லாவிட்டால் வெயில். நாற்பத்தெட்டு வயதில் எனக்கு அந்த வெயில் தேவையில்லை.

என் பெயருக்குப் பக்கத்தில் ஏற்கெனவே இரண்டு புள்ளி. ஒன்று தூக்க மாத்திரையால். ராத்திரி சாப்பிட்ட மாத்திரை ராத்திரியில் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. மறுநாள் நடுப்பகலில் ரொட்டி மாவு பிசைந்துகொண்டிருந்தபோது ஆளை அடித்துப் போட்டது, போன் அடித்தது தெரியவில்லை. இன்னொன்று ஹம்மாமில், ஊர்ப் பொதுக் குளியல் கூடத்தில், குளிக்கப் போன அரை மணி நேரத்தில். அதற்குப் பிறகு நான் குளிப்பது வீட்டுக் கொல்லையில், போனை ஜன்னலில் வைத்துக்கொண்டு.

படுக்கும்போது போன் என் மார்பின்மேல் இருக்கும். அது அடிக்காத ஒவ்வொரு நிமிடமும் அடிக்கப்போகிறது என்று காது விழித்துக்கொண்டிருக்கும். சாதாரண மணி எனக்கு உறைக்காது என்று தெரிந்து என் மகள் வஃபா எங்கிருந்தோ பழைய ஆலைச் சங்கின் சத்தத்தைத் தேடி எடுத்து என் போனில் வைத்துக்கொடுத்தாள். அந்த மாடு இப்போது என் நெஞ்சின்மேலே ஈனுகிறது.

தூங்காதவள் விழித்திருக்கிறாள் என்று நினைக்காதீர்கள். அது வேறு. தேநீரில் உப்புப் போடுவேன். வேறு ஊருக்குப் போகும் டாக்சியில் ஏறி உட்கார்ந்து, பாதி வழியில் இறங்கி நடப்பேன். சென்ற ரமதானில் என் வீட்டுச் சாவியை மத்தி மீன்களுக்கு நடுவே ஒழுங்காகப் படுக்கவைத்து டப்பாவை நகர்த்திவிட்டேன். எடை பார்க்கும் இயந்திரம் அதைத் தள்ளிவிட்டதால் பிழைத்தேன். பதூல் அந்தச் சாவியை எல்லோருக்கும் தூக்கிக் காட்டி, "யாம்னா வீட்டையே எண்ணெயில போட்டு விக்கப் பாக்குறா" என்றாள். சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அழுவதற்கும் தெம்பு வேண்டும்.

இந்த லட்சணத்தில்தான் போன ஆகஸ்டில் மதாம் கௌதர் வந்தாள்.

வெளிநாட்டில் எங்கள் டப்பாவை வாங்குகிறவர்கள் ஏதோ கேட்டிருக்கிறார்கள், உங்கள் தொழிலாளிகள் நலமாக இருக்கிறார்களா என்று. நலத்தைக் காட்டுவதற்கு ஆலை முதலாளி காஸாபிளாங்காவிலிருந்து ஒருத்தியை வரவழைத்தார். தூக்கம் பற்றி வகுப்பு எடுப்பவள். தூக்கம் பற்றி வகுப்பு எடுத்துப் பிழைக்கலாம் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது.

ராத்திரி இரண்டு மணிக்கு நுழைந்து, காலை பத்து மணி வரை நின்றபடி மீன் கிள்ளியிருந்தோம். வீட்டுக்குப் போகலாம் என்று காலுறையைக் கழற்றும்போது மேலாளர் வந்து, முப்பத்திரண்டு பேரும் மாடிக்குப் போக வேண்டும், கட்டாயம் என்றார். பதூல் அங்கே இல்லை, துறைமுகத்துக்குப் போயிருந்தாள்.

மாடியில் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். திரைச்சீலை இழுத்து விட்டிருந்தது. மதாம் கௌதர் மெல்லிய வெள்ளைச் சட்டையில் நின்றாள். முதல் வேலையாக ஒரு காலி மீன் பெட்டியை எடுத்து நீட்டினாள்.

"சகோதரிகளே, போன் தான் தூக்கத்தோட முதல் எதிரி. எல்லாரும் இதுல போடுங்க."

யாரும் அசையவில்லை.

"மதாம், அது எதிரி இல்ல, அது வேலை" என்றாள் என் பக்கத்தில் இருந்த ம்பார்கா.

"ஒரு மணி நேரம்தான், கண்ணு. உலகம் ஒண்ணும் முழுகிடாது."

"உலகம் முழுகாது. எங்க பேரு முழுகிடும்."

மதாம் சிரித்தாள். நகைச்சுவை என்று நினைத்துவிட்டாள். மேலாளர் கதவருகில் நின்று கண்ணைக் காட்டினார். போட்டோம். அவள் பெட்டியைத் தன் மேசைக்குப் பின்னால் வைத்து, ஒவ்வொன்றாக எடுத்து, தன் அழகான நகங்களால் சத்தத்தை நிறுத்தினாள். மீன் செதில் ஒட்டிய போன்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு தாளில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

பிறகு பேசினாள். படுக்கையறை இருட்டாகவும் குளிர்ச்சியாகவும் இருக்க வேண்டுமாம். எங்களில் பாதிப் பேருக்குப் படுக்கையறையே கிடையாது, விரித்த இடம் படுக்கை. சாயங்காலம் தேநீர் கூடாதாம். படுக்குமுன் லாவண்டர் எண்ணெய் இரண்டு சொட்டு.

"எங்க கைக்கு லாவண்டர் பத்தாது மதாம், பீப்பாய் வேணும்" என்றாள் பின்னால் ஒருத்தி.

"மனசுல கவலைய வச்சுக்கிட்டுப் படுக்காதீங்க. படுக்கைக்கு வெளியே கழட்டி வச்சிருங்க, செருப்பு மாதிரி."

"செருப்ப வெளிய வச்சா எங்க தெருவுல தூக்கிட்டுப் போயிருவானுங்க. கவலைய எவன் தூக்குறான்" என்றாள் ம்பார்கா.

"இப்ப கண்ண மூடுங்க. நீங்க ஒரு கடற்கரையில படுத்திருக்கீங்க."

கடற்கரை என்றால் எனக்கு மீன்தான். இருந்தாலும் மூடினேன். அவள் குரல் சவசவவென்று, கொதிக்கும் அவரைக்கஞ்சி போல ஒரே சீராக ஓடிக்கொண்டிருந்தது. மார்பின்மேல் போன் இல்லை. பதினோரு வருடத்தில் முதல் முறை அங்கே எந்தக் கனமும் இல்லை. கடைசியாக எனக்குக் கேட்டது, "உங்க கால் விரல்கள் தளருது" என்பது. என் கால் விரல் எப்போது யாருக்குக் கட்டுப்பட்டது என்று ஏளனமாக நினைத்ததும் ஞாபகம் இருக்கிறது. அவ்வளவுதான்.

கண் திறந்தபோது பதூல் என் முன்னால் நின்றாள். முகம் வேகவைத்த இறால் நிறத்தில் இருந்தது. மதாம் கௌதர் உதட்டில் விரலை வைத்து அவளை அடக்கப் பார்த்தாள்.

"மெதுவா பேசுங்க. பாருங்க, முப்பத்திரண்டு பேரும் தூங்கிட்டாங்க. பதினோரே நிமிஷத்துல."

"தூங்கிட்டாங்களா? கீழ மூணு லாரி மீன் நிக்குது. பனிக்கட்டி தண்ணியா ஓடுது. துறைமுகத்துல நின்னு முப்பத்திரண்டு பேருக்கும் அடிச்சேன். ஒருத்தி எடுக்கல. வாசல்ல ஒருத்திகூட இல்ல, எல்லா ஆலையும் இன்னிக்கு வாரிக்கிட்டுப் போயிருச்சு."

"ஒரு ஆள் மாடிக்கு ஏறி வந்து கூப்பிட்டிருக்கலாமே" என்றாள் மதாம்.

"முறை போன்தான். மாடி ஏறி வந்து கூப்பிடுறது இல்ல."

பதூல் இடுப்பிலிருந்து நோட்டை எடுத்தாள். தலைக்கு ஒரு புள்ளி வைத்துக்கொண்டே வந்தாள். என் பெயரில் பேனா நின்றது.

"யாம்னா, உனக்கு மூணு. நாளையிலேர்ந்து வாசல். மத்தவளுங்க எழுந்து இறங்குங்க."

"ஷெஃபா, போன் பெட்டியில கெடக்கு. உங்க ஆளுங்கதான் பிடுங்கிப் போட்டாங்க."

"அடிச்சேன். நீ எடுக்கல. எனக்கு அவ்வளவுதான் தெரியும்."

இவளும் ஒரு காலத்தில் என் பக்கத்து மேசையில் மீன் கிள்ளியவள்தான். சங்குக்கு என்னோடு ஓடியவள். ஒரு நோட்டும் பேனாவும் கொடுத்தால் மனிதர்கள் எவ்வளவு சீக்கிரம் ஆணியாகிவிடுகிறார்கள்.

யாரும் எழுந்திருக்கவில்லை. இதை யாராவது ஒற்றுமை என்று எழுதினால் நம்பாதீர்கள். ம்பார்காவுக்குக் கால் மரத்துப்போயிருந்தது. பின்வரிசையில் பாதிப் பேர் இன்னும் முழுதாக விழிக்கவில்லை. எட்டு மணி நேரம் நின்றவளுக்கு நாற்காலி கிடைத்தால் சும்மா விடுவாளா. ஆனால் மேலாளர் மூச்சிரைக்க ஏறி வந்து பார்த்தபோது, முப்பத்திரண்டு பெண்கள் ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருந்தோம். அவர் முகம் வெளுத்துவிட்டது. ஆண்களுக்கு உட்கார்ந்திருக்கும் பெண்ணைக் கண்டால் எப்போதுமே வேலைநிறுத்தம்தான் ஞாபகம் வரும்.

"என்ன வேணும் இவங்களுக்கு?" என்று பதூலிடம் கேட்டார். எங்களிடம் கேட்கவில்லை.

ம்பார்கா தொடையைத் தேய்த்துக்கொண்டே, "யாம்னா பேரு பட்டியல்ல இருக்கணும்" என்றாள். கால் மரத்தவளுக்கு வேறு என்ன சொல்வது என்று தெரியவில்லையோ என்னவோ. சொன்னது சொன்னதுதான்.

"அந்தப் புள்ளிய எடுத்துரு பதூல்" என்றார் மேலாளர். "மீன் கெட்டா நீயா பதில் சொல்லுவ?"

"எடுத்தா நாளைக்கு எவளும் போன எடுக்க மாட்டா, ஐயா. முறைன்னு ஒண்ணு இருக்கு."

நான் எழுந்து மேசைக்குப் பின்னால் போனேன். பெட்டியைக் கிளறி என் போனைத் தேடி எடுத்தேன். சத்தத்தை முழுதாகத் திறந்து விட்டேன். நாற்காலிக்குத் திரும்பி வந்து உட்கார்ந்து, அதை மடியில் வைத்துக்கொண்டேன்.

"முறைதானே ஷெஃபா? இப்ப அடிங்க. நான் எடுக்குறேன்."

"ரெண்டு தடவ அடிக்கிற வழக்கம் இல்ல."

"முதல் தடவ நீங்க மீன் பெட்டிக்கு அடிச்சீங்க. அந்தப் புள்ளிய பெட்டிக்கு வைங்க."

யாரோ சிரித்தார்கள். மேலாளர் கடிகாரத்தைப் பார்த்தார். "அடி, பதூல்."

எனக்கு மூன்றடி தள்ளி நின்று, என் கண்ணைப் பார்த்தபடி, அவள் எண்ணை அழுத்தினாள்.

மூடிய அறையில் சங்கு கத்தியது. பழைய ஆலைச் சங்கு, மாடு ஈனும் அதே கத்தல். நாற்பது வயதைத் தாண்டிய ஒருத்திகூட உட்கார்ந்த இடத்தில் இல்லை. மரத்த காலோடு ம்பார்கா நின்றாள். பின்வரிசையில் கனவிலிருந்தவள் கண் திறப்பதற்கு முன்பே முக்காட்டை முடிந்துகொண்டிருந்தாள். பதூலின் கை தன்னால் தலைக்குப் போய், அங்கே இல்லாத முடிச்சைத் தேடியது. நாற்காலிகள் சாய்ந்தன. சிறுசுகளும் பின்னாலேயே எழுந்துவிட்டார்கள். மேலாளருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

என் கால்களும் நின்றுகொண்டிருந்தன. நான் சொல்லி நின்றவை அல்ல. அன்று போல எனக்கு என்மேல் வெறுப்பு வேறு எப்போதும் வந்ததில்லை.

போனைக் காதில் வைத்தேன். "யாரு?"

பதூல் தன் போனில் பேசாமல் நேராகவே, "மீன் வந்திருக்கு" என்றாள்.

"போன்ல சொல்லுங்க, ஷெஃபா."

பல்லைக் கடித்துக்கொண்டு போனை வாயருகே கொண்டுபோனாள். "மீன் வந்திருக்கு, யாம்னா."

"வர்றேன்."

மூன்றாவது புள்ளியின்மேல் பேனாவை அழுத்திக் கிறுக்கினாள். தாள் கிழிந்தது. மற்ற இரண்டு புள்ளிகளும் அப்படியே இருந்தன. மற்றவர்களுக்கு வைத்த புள்ளிகளையும் அவள் அழிக்கவில்லை, யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை. எல்லோரும் மாடிப்படியில் இறங்கி ஓடிக்கொண்டிருந்தார்கள்.

மதாம் கௌதர் என் முழங்கையைப் பிடித்தாள். நாற்றத்தை மறந்து பிடித்தாள், அது அவளுக்கு ஆர்வம் எவ்வளவு என்பதைக் காட்டியது.

"சகோதரி, நீங்கதான் எல்லாருக்கும் முன்னாடி தூங்கினீங்க. அறிக்கையில எழுதப்போறேன். ஆனா அந்தச் சத்தத்த உடனே மாத்துங்க. அது நரம்புக்குக் கெடுதல். பறவைச் சத்தம் ஏதாவது வைங்க."

"பறவைச் சத்தத்துக்கு யாரு வேலை குடுப்பா, மதாம்?"

அவள் அதையும் எழுதிக்கொண்டாள்.

கீழே முதல் பெட்டி மீன் மேசையில் கொட்டியாகிவிட்டது. மீனின் வயிறு ஏற்கெனவே மெத்தென்று இருந்தது, இன்னும் அரை மணி போனால் குப்பை. கையுறையை மாட்டினேன். மேசையில் என் இடம் காலியாக இருந்தது, யாரும் நிற்கவில்லை. போனை உள்சட்டைக்குள், மார்புக்கு நேராகச் செருகிக்கொண்டு முதல் தலையைக் கிள்ளினேன்.