பழனி குறியீடு

நியூசிலாந்தில் லேபர் டே விடுமுறை, திங்கட்கிழமை காலை ஒன்பது மணி. ஆக்லாந்தின் வெஸ்ட்கேட்டில் தன் வீட்டு ஹாலில், இட்லிக்கு முன்பே பதினேழாவது ஸ்லைடைப் பரிமாறிக்கொண்டிருந்தான் பழனிவேல். அமெரிக்காவில் அது ஞாயிறு பிற்பகல், அவர்களுடைய ஃபுட்பால் நடக்கும் நேரம். முப்பத்திரண்டு அணிகளையும் எண்களால் தரம் பிரித்து, யார் ஜெயிப்பார்கள் என்று சொல்ல ஒரு மாடல் கட்டியிருந்தான். 'பழனி குறியீடு' என்று பெயர் வைத்தது அடக்கத்தால்தான். 'பழனி விதி' என்று வைக்கச் சொன்னவர்களும் உண்டு, அதாவது அவனே.

ஓர் ஆட்டத்தையும் அவன் முழுதாகப் பார்த்ததில்லை.

"பார்த்தா உணர்ச்சி கலந்துடும் மேடம்."

மேடம் என்பது சோபனா. அவனுடைய மேலாளர், மலேசியாக்காரர். ஆபீஸில் டீம் லீட் பதவி காலியாக இருந்தது. அதற்கும் இந்த விருந்துக்கும் சம்பந்தமில்லை என்று மனைவியிடம் மூன்று முறை சொல்லியிருந்தான். "அப்போ எதுக்கு மூணு சட்னி?" என்று கேட்டுவிட்டுத்தான் சுந்தரி தேங்காய் துருவினாள்.

"ஆறு வாரத்துல நூத்துக்கு அறுபத்தாறு சரி மேடம். சொந்த மைதானத்துல ஆடுறவங்களுக்கு ரெண்டரைப் புள்ளி கூடுதல். அதனால இன்னைக்கு ஜெயிக்கப்போறது டல்லாஸ்."

டிவிக்கு அருகே இருந்த பக்கத்து வீட்டுச் செல்வரத்தினம் திரும்பினார். "தம்பி, ஆட்டம் டென்வரிலை எல்லோ நடக்குது. அங்க பாரும், மலை தெரியுது."

"பட்டியல்ல டல்லாஸ்தானே அண்ணே முதல்ல இருக்கு?"

"ஓம், அமெரிக்கன் அப்பிடித்தான். வந்தவனை முதல்ல எழுதுவான்."

ஆக்லாந்தில் எந்த ஆட்டமானாலும் வீட்டுக்காரன் பெயர்தான் முதலில். அந்தப் பழக்கத்தில், ஆறு வாரமாக விருந்தாளிகளுக்கெல்லாம் சொந்த ஊர் பலத்தை வாரி வழங்கியிருந்தான் பழனிவேல்.

சோபனா இட்லியைப் பிட்டார். "பரவால்லைலா, ஒரு வரிதானே? திருத்துங்க, பார்ப்போம்."

திருத்தினான். மாடல் ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, டென்வர் என்றது. கீழே ஆறு வாரக் கணக்கும் மாறியிருந்தது: ஐம்பத்தெட்டு.

மறுபடி ஓட்டினான். ஐம்பத்தெட்டேதான். சரியான மாடல், தப்பான மாடலைவிட மோசம். திருத்துவதற்காகத் திருப்பிய லேப்டாப் திரை அவன் பக்கம்தான் இருந்தது. எழுபது என்று சொன்னாலும் சரிபார்க்க ஆளில்லை. நாக்கு நுனிவரை வந்த எழுபதை விழுங்கினான்.

"என்னா, எவ்ளோ வந்துச்சு?"

டிவியில் டல்லாஸ்காரன் ஒருவன் பந்தோடு கோட்டைத் தாண்டி விழுந்து புள்ளி எடுத்தான். டென்வர் மைதானம் முழுக்க மயான அமைதி. "பிழையான கணக்கெல்லோ சரியாப் போகுது!" என்று செல்வரத்தினம் தொடையில் தட்டிக்கொண்டார். சமையலறையில் சுந்தரி சிரிப்பது கேட்டது.

பழனிவேல் லேப்டாப்பை மெல்லச் சோபனா பக்கம் திருப்பினான். அவர் குனிந்து ஐம்பத்தெட்டைப் பார்த்தார். வாய்க்குப் போகும் வழியில் நின்றுவிட்டது இட்லித் துண்டு. அதன் நுனியில் ஒரு சாம்பார்த் துளி, விழுவதா வேண்டாமா என்று தொங்கிக்கொண்டிருந்தது.