பதினாலாயிரத்து நாற்பது கூலும்

1

மூணு புள்ளி ஆறால வகுக்கணும், வகுத்தா சின்னதாயிடும், சின்னதானா இந்த மனுஷன் மூஞ்சி தொங்கிடும். தொங்கட்டும்.

இது பூர்மகானின் மனதுக்குள் ஓடியது. வாய்விட்டுச் சொல்லவில்லை. நான்தான் ஒட்டுக்கேட்டேன், அதாவது, நான்தான் எழுதினேன். (இரண்டுக்கும் வித்தியாசம் உண்டென்று நெடுநாள் நம்பியிருந்தேன்.)

கதை பிறந்த விதத்தை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஓஷ் என்னும் மலையடி நகரத்துச் சந்தையில், ஹைபிரிட் கார்களின் பழைய பேட்டரிகளைச் சரிசெய்து விற்கும் கடையில், ஓர் அட்டையைப் பார்த்தேன். 14,040. அவ்வளவுதான், எனக்குத் தலைகால் புரியவில்லை. வீடு திரும்பும் மினிபஸ்ஸில் கணக்குப் போட்டேன். சிரித்தேன். பக்கத்தில் இருந்தவள் தள்ளி உட்கார்ந்தாள்.

2

முதல் தொடக்கம்: "மின்னூட்டத்தை அளக்க உலகில் பல—"

வேண்டாம், பாடப்புத்தகம்.

இரண்டாவது: "பூர்மகானின் கண்கள்—"

அவளே முறைக்கிறாள்.

மூன்றாவது. அவளுக்கு நாற்பத்தொரு வயது, அந்தக் கடையில் பேட்டரிகளைச் சோதிப்பவள். மூடிப்போன ஆலையின் சோதனைக்கூடத்திலிருந்து வந்த அளவுமானி ஒன்று அவள் மேசையில் இருக்கிறது. அதற்குத் தெரிந்தது கூலும் மட்டும். டாக்சிக்காரர்களுக்குத் தெரிந்ததோ மில்லி ஆம்பியர்-மணி மட்டும். செல்போன் பேட்டரியில் போட்டிருப்பது அதுதானே. ஆகவே மானி காட்டுவதை 3.6-ஆல் வகுத்து* அட்டையில் எழுதிக் கையெழுத்துப் போடுவாள். அந்தக் கையெழுத்து இல்லாமல் சந்தையில் ஒருவரும் பேட்டரியைத் தொடமாட்டார்கள்.

(*ஓர் ஆம்பியர் ஒரு நொடி ஓடினால் ஒரு கூலும். ஒரு மணிக்கு 3,600 நொடி. ஆம்பியரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மணி நேரம் ஓடினால் 3.6 கூலும். இது எனக்குப் புரிய இரண்டு கோப்பைத் தேநீர் ஆனது.)

அன்று மானி 14,040 காட்டியது. அட்டையில் குறித்துக்கொண்டாள். வகுப்பதற்குள் சாப்பிடக் கூப்பிட்டார்கள். லக்மான் நூடுல்ஸ் ஆறினால் கொழுப்பு உறைந்துவிடும், ஓடினாள். திரும்புவதற்குள் முதலாளி டோக்தோசுன் அந்த அட்டையைப் பேட்டரிமேல் ஒட்டிவிட்டார்.

3

"ஏம்மா, புது பேட்டரியே ஆறாயிரத்து ஐந்நூறு மில்லி ஆம்பியர்-மணிதான். இதுல பதினாலாயிரமா? உள்ள குதிரையைப் போட்டு அடைச்சிருக்கீங்களா?" என்றார் எகெம்பெர்தி. தலைநகர் பிஷ்கேக் வரைக்கும் டாக்சி ஓட்டுபவர். நாளை நான்கு பயணிகளோடு பனிக் கணவாய் ஏற வேண்டும்.

பூர்மகான் அவசரமாக வகுத்தாள். 3,900. ஊருக்குள் ஓடும். கணவாய்க்குப் போதாது.

டோக்தோசுன் அவளை ஓரமாக அழைத்துப் போனார்.

"வகுக்காத. அப்படியே கையெழுத்துப் போடு."

"பைக்கே, அது கூலும்." (பைக்கே என்றால் அண்ணே.)

"நான் இல்லேன்னேனா? பக்கத்துல பொடியா 'கூலும்'னு எழுதிடு. அது பொய்யா?"

"பொய் இல்ல."

"அப்புறம் என்ன?"

"அவருக்குக் கூலும்னா என்னன்னு தெரியாதே."

"எனக்கும்தான் தெரியாது. நான் கடை நடத்தலியா?"

4

இந்த இடத்தில் நான் டோக்தோசுன் கட்சி. யோசித்துப் பாருங்கள்: முலாம்பழத்தைக் கிராமில் விற்கலாம், கம்பளத்தை மில்லிமீட்டரில். என் வயது நாற்பத்தொன்பது என்பதைவிட, சுமார் பதினெட்டாயிரம் நாள் என்றால் எவ்வளவு கம்பீரம். இந்தக் கதையின் நீளத்தைப் பத்திரிகை ஆசிரியர் கேட்டபோது, சொற்களை விட்டுவிட்டு எழுத்துகளை எண்ணிச் சொன்னேன். அசந்துபோனார். நான் பொய் சொல்லவில்லை. அவர் என்ன நினைத்துக்கொள்வார் என்பது மட்டும் எனக்குத் தெரிந்திருந்தது.

முடிவுகளும் தயாராக இருக்கின்றன.

அ) கையெழுத்துப் போடுகிறாள். பேட்டரி அதிசயமாகத் தாங்குகிறது. எகெம்பெர்தி ஒரு செம்மறியோடு நன்றி சொல்ல வருகிறார்.

ஆ) கையெழுத்துப் போடுகிறாள். கணவாயின் உச்சியில் வண்டி நிற்கிறது, பனி, உள்ளே நான்கு பேர்—

(நிறுத்திவிட்டேன். என் குதூகலம் கெடுகிறது.)

இ) போடவில்லை. வேலை போகிறது.

5

"இதுல நான் போடமாட்டேன் பைக்கே," என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள், எகெம்பெர்திக்குக் கேட்டுவிட்டது.

"ஏன், எவ்வளவு இருக்கு?"

"நீங்க பார்க்கிற கணக்குல மூவாயிரத்துத் தொள்ளாயிரம். கணவாய் ஏறாது."

டோக்தோசுன் பெரிதாகச் சிரித்தார். "இவ இப்படித்தான், முகத்தை உம்முன்னு வெச்சுக்கிட்டே கிண்டல் பண்ணுவா. பூர்மகான், விளையாட்டுக்குச் சொன்னேன்னு சொல்லு. சொல்லிட்டு, நாளைக்கு எப்பவும்போல வேலைக்கு வா."

எகெம்பெர்தியின் உதடும் சிரிக்கத் தயாராகிவிட்டது. அந்தப் பெரிய எண்ணை விட்டுக்கொடுக்க அவருக்கும் மனமில்லை. எனக்கும்தான், இத்தனை தூரம் கூத்தடித்துவிட்டு இந்தக் கதையைச் சிரிப்பில்லாமல் எப்படி முடிப்பது? நானும் அவள் காதோரம் குனிந்து கேட்கிறேன்: சும்மா ஒரு சிரிப்புத்தானே, சிரித்துவிடேன். வாசகரே, விருப்பமிருந்தால் நீங்களும் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள்.

"இல்ல," என்றாள் பூர்மகான்.