சட்டத்துக்கு அடியில் இருந்த மஞ்சள்

பாரிஸில் புள்ளி வைத்துப் படம் போடுகிற கூட்டத்தில் எல்லாவற்றுக்கும் மன்னிப்பு உண்டு. குடிக்கலாம், வாடகை தராமல் வீடு மாறலாம். தட்டில் இரண்டு வண்ணங்களைக் குழைக்க மட்டும் கூடாது. பச்சைப் புள்ளிகளுக்கு நடுவே சுத்த மஞ்சள் வைத்தால் வெயில், சுத்த நீலம் வைத்தால் நிழல்; பத்தடி தள்ளி நிற்பவன் கண்ணுக்குள் அவை தாமாகக் கலந்து புல் மினுங்க வேண்டும். தட்டிலேயே குழைத்தால் வெளிச்சம் செத்துவிடும். அதுதான் அவர்களுடைய வேதம்.

ஆகவே, கண்காட்சி திறக்க ஒரு மணி நேரம் இருக்கையில் கூட்டத்தில் மூத்தவரான கோபேர் பூதக்கண்ணாடியோடு அன்செல்மின் படத்தின்முன் குனிந்தபோது மெலனி அன்செல்மைத் திரும்பிப் பார்த்தாள். அவள் அன்செல்மின் மனைவி, தையல்காரி. ஆற்றங்கரையில் துணி உலர்த்தும் பெண்களைத் தீட்டிய அந்தப் படம் இரண்டு வருஷமாக அவர்கள் வீட்டு நிலக்கரி அடுப்புக்கு மேலேதான் தொங்கியது. அங்கே அதை நிமிர்ந்து பார்க்க யாருக்கு நேரம் இருந்தது?

"இங்க பாருங்கப்பா," என்றார் கோபேர். "வெயில்ல இருக்குற புல்லுல பழுப்புப் புள்ளி. பழுப்பு எந்தக் குப்பியில வருது? குழைச்சிருக்கான்."

"குழைக்கல. துத்தநாக மஞ்சள். குப்பியில இருந்தபடியே வெச்சேன்," என்றான் அன்செல்ம்.

"மஞ்சளா? என் பூட்ஸுல ஒட்டியிருக்கறதும் அப்போ மஞ்சள்தான்."

தாடிக்காரர்கள் ஐந்தாறு பேர் சிரித்தார்கள். வெளியே பத்திரிகைக்காரர்கள் ஏற்கெனவே இவர்களை அம்மை வார்த்தவர்கள் என்று எழுதிக்கொண்டிருக்கிறார்கள். உள்ளேயே ஒருவன் ஏமாற்றினான் என்று தெரிந்தால் மானம் போய்விடும். கை தூக்கி முடிவு செய்வோம், பாதிக்கு மேல் தூக்கினால் படத்தை இறக்கிவிடுவோம், ஆளும் வெளியே என்றார் கோபேர்.

அன்செல்ம் காதுமடல் சிவக்கத் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். பொய் சொன்னாலும் அவன் அப்படித்தான் நிற்பான் என்பது மெலனிக்குத் தெரியும். அதுதான் அவளுக்குப் பயம். இந்தப் படத்தைத் தீட்டிய நாட்களில் ஒருநாள் அவன் கட்டைவிரலில் சேற்று நிறத்தில் ஏதோ பார்த்திருந்தாள். கேட்கவில்லை.

முதல் கை உயர்ந்தது. இரண்டாவது.

"கொஞ்சம் இருங்க, முசியே," என்றாள். படம் மாட்டியவர்கள் விட்டுப்போன குறடு ஜன்னலோரம் கிடந்தது. எடுத்தாள். "பழைய கவுனைப் பிரிச்சுத் தைக்கக் குடுப்பாங்க. வெளியில நிறம் மங்கியிருக்கும். மடிப்பைப் பிரிச்சா உள்ள புதுசு மாதிரி இருக்கும்."

"படத்துக்கு ஏது மடிப்பு, மதாம்?"

"ஓரத்தை மறைச்சுக்கிட்டு சட்டம் இருக்கே."

அன்செல்ம் நிமிர்ந்தான். "மெலனி, வேண்டாம்."

ஏன் வேண்டாம்? சட்டம் உடையும் என்றா, உண்மை தெரியும் என்றா? அவள் கை ஒரு கணம் நின்றது. அங்கேயும் பழுப்பாக இருந்தால் புருஷனைத் தானே தூக்கில் மாட்டியதாகிவிடும். எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள், இனி நிறுத்தினாலும் அதே கதைதான்.

படத்தை இறக்கிக் குப்புறக் கிடத்தினார்கள். நான்கு ஆணிகள். மூன்றாவது கிறீச்சிட்டுக்கொண்டு வந்தது. நான்காவது வரவே மாட்டேன் என்றது. வெள்ளைச் சட்டம் கழன்றதும் படத்தைத் திருப்பினாள்.

ஓரமாக, சட்டம் மறைத்திருந்த ஒரு விரல் அகலத்துக்கு, புல்லில் எலுமிச்சைத் தோல் போல மஞ்சள் புள்ளிகள். அந்தக் கோட்டைத் தாண்டியதும் அதே கை, அதே இடைவெளி, அதே புள்ளி பழுப்பாகியிருந்தது.

உயர்ந்த கைகள் தலைசொறியப் போயின.

"வெளிச்சமும் அடுப்புப் புகையும் பட்ட இடம் மட்டும் மாறியிருக்கு," என்றாள் மெலனி. "குழைச்சிருந்தா ஓரத்துலயும் பழுப்பா இருந்திருக்கணும் இல்லையா, முசியே?"

"படம் இருக்கட்டும்," என்றார் கோபேர், யாருடைய முகத்தையும் பார்க்காமல்.

அன்செல்முக்கு அது காதில் விழுந்ததோ என்னவோ. குனிந்து அந்த மஞ்சளையே பார்த்துக்கொண்டிருந்தான். தான் தீட்டியது என்னவென்பது அவனுக்கே மறந்துபோயிருந்தது போல.

கோபேர் மெல்ல எதிர்ச்சுவருக்குப் போனார். அங்கே அவருடைய கோதுமை வயல், பதினான்கு மாதம் உழைத்துப் போட்ட படம், ஒரு கட்டில் அகலம். முக்கால்வாசி மஞ்சள். பூதக்கண்ணாடியை எடுத்தார், மறுபடி பையில் போட்டார்.

"அன்செல்ம், உனக்கு மஞ்சள் எந்தக் கடையில?"

"நீங்க சொன்ன கடைதான். நீங்கதானே கூட்டிட்டுப் போனீங்க?"

கோபேர் திரும்பி வந்து கையை நீட்டினார்.

"மதாம், அந்தக் குறடைக் கொஞ்சம் குடுங்க."