திருஷ்டி கழித்த மெஷின்

முவத்தருக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. மதியம் கமிட்டி வருகிறது, இன்றைக்குப் பார்த்தா இந்தப் பாழாய்ப்போன மெஷின் காலை வாரும்!

தாஷ்கண்டில் கல்யாணமோ, கடைதிறப்போ, காய்ச்சலோ, எதுவானாலும் இஸிரிக் செடியைப் பொசுக்கித் திருஷ்டி கழித்துவிடுவார்கள். அதன் விதையிலிருக்கும் ஆல்கலாய்டு மறதி நோய்க்கு உதவக்கூடும். ஆனால் கொடுத்தால் எலிக்குக் கைகால் வெடவெடவென்று நடுங்கும். முவத்தர் வருஷக்கணக்காக மல்லுக்கட்டி, அதையே கொஞ்சம் மாற்றிப் புதுப்பொருள் ஒன்று செய்திருந்தாள். எலி நடுங்கவில்லை, போன வழியும் மறக்கவில்லை. பழைய ஆல்கலாய்டு அதில் துளியும் கலக்கவில்லை என்று கமிட்டிக்குக் காட்டிவிட்டால் அடுத்த கட்டச் சோதனைக்கு அனுமதி. இல்லாவிட்டால் ஆராய்ச்சிக்கே மூடுவிழா.

கலப்பைக் கண்டுபிடிக்கும் மெஷினோ, கலந்திருக்கிறது என்று சாதித்தது. சந்தேகப்பட்டு வெறும் தண்ணீரைக் கொடுத்துப் பார்த்தாள். தண்ணீரிலும் ஆல்கலாய்டாம்! விளங்கின மாதிரிதான்.

அவள் 'தோம்லா' என்று கூப்பிடும் வாத்தியார், பேராசிரியர் மிர்வலிக்கு போன் போட்டுப் புலம்பிவிட்டு, குழாய் எங்காவது கசிகிறதா என்று பார்க்க மேஜைக்கடியில் புகுந்தாள். சற்று நேரத்தில் கதவு மெல்லத் திறந்தது. பளபளக்கும் கறுப்பு ஷூ இரண்டு உள்ளே வந்தன. கூடவே புகை.

"ஊர்க்கண்ணு, உறவுக்கண்ணு, பக்கத்து லேப் ஷவ்கத் பய கண்ணு..."

"தோம்லா!"

மூட நம்பிக்கைக்கு எதிராக ஊர் ஊராகப் பேசும் மிர்வலி தோம்லா, புகையும் தகரத்தட்டோடு துள்ளி விழுந்தார்.

"ஐயோ, நீ அங்க என்னம்மா பண்ற?"

"இஸிரிக் சத்து இல்லன்னு காட்ட வேண்டிய மெஷினுக்கே இஸிரிக் புகையா? உங்களுக்கே நல்லா இருக்கா?"

"கமிட்டி வருதேன்னு காலையில நீ வர்றதுக்கு முன்னாடியே போட்டேன், அப்படியும் மெஷின் படுத்துதுன்னு போன்ல சொன்னியே, அதான் இன்னொரு தடவை..."

"காலையிலயும் போட்டீங்களா!"

"இது கிருமிநாசினிம்மா. நானே கட்டுரை எழுதியிருக்கேன்."

"கிருமிக்கு ஷவ்கத்னா பேரு?"

தோம்லா ஜன்னல்களைத் திறந்தார். புகை இறங்கிய திரவத்தையெல்லாம் கொட்டி, குழாய்களைக் கழுவி, இருவரும் வேர்த்து விறுவிறுத்து மறுபடி ஓட்டினார்கள். தண்ணீர் தண்ணீராகவே இருந்தது. புதுப்பொருளிலும் பழசின் சுவடே இல்லை. முவத்தருக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

கமிட்டித் தலைவி ராபியாவை எல்லாரும் ஓபா, அதாவது அக்கா, என்றுதான் கூப்பிடுவார்கள்; ஆனால் ராபியா ஓபா லேசில் மசிகிற ஆளில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரையில் ஏறி இறங்கும் கோடுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"இது சுத்தமா இருக்கு. காலையில எடுத்ததுல மட்டும் பழைய ஆல்கலாய்டு மலை மாதிரி நிக்குதே, என்ன பொண்ணே இது?"

உண்மையைச் சொன்னால் தோம்லாவின் மானம் போகும், மறைத்தால் முவத்தரின் உழைப்பு போகும்.

தோம்லா எழுந்தார். காது மடல் சிவந்திருந்தது. "அது நான் போட்ட இஸிரிக் புகை. இவ வேலையில ஒரு குறையும் இல்ல. கோளாறு என் புத்தியிலதான்."

கமிட்டியில் ஒருவர் சிரிப்பை அடக்கப் பொய்யாக இருமினார். ராபியா ஓபா சிரிக்கவில்லை.

"மெஷினுக்கா போட்டீங்க?"

"ஆமாங்க."

"இத்தனை வருஷம் புரொஃபசரா இருந்து என்ன பிரயோஜனம்? மெஷின் மேல யாருய்யா கண்ணு வைக்கப் போறாங்க? இந்தப் பொண்ணுக்கில்ல போட்டிருக்கணும்!" என்று கடிந்துகொண்டே, கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்தார்.