உள்ளிருந்து இழுக்க வேண்டிய கதவு

மதியம் ஒன்றரை மணி அடித்தால் கிளிஃபர்டு பூல் தலை வாரி, தொப்பியைப் போட்டு, சக்கரம் வைத்த நடைவண்டியைப் பிடித்துக்கொண்டு ஒன்பதாம் மாடியிலிருந்து கிளம்பிவிடுவார். வயது எண்பத்தொன்று. முப்பத்தொரு வருஷம் இரட்டை மாடிப் பேருந்து ஓட்டிய கைகள், இப்போது மூட்டுவாதத்தில் விரல்கள் கோணிக்கொண்டு ஒரு டீக்கோப்பையைத் தூக்கவே யோசிக்கின்றன.

இரண்டு தெரு தள்ளி ஒரு முதியோர் காப்பகத்தில் அவர் மனைவி நோரா இருந்தாள். மறதி நோய். என்ன கிழமை என்று தெரியாது, சாப்பிட்டோமா இல்லையா தெரியாது. ஆனால் இரண்டு மணிக்குச் சரியாக வாசல் பக்கம் திரும்பிவிடுவாள். கிளிஃபர்டு உள்ளே வருவார்.

"வந்துட்டியா கிளிஃப்? ரோட்ல ட்ராஃபிக்கா?" என்பாள்.

அந்த ஒரு கேள்விக்காகத்தான் மனுஷன் உயிரோடு இருந்தார். நாலு வருஷத்தில் ஒரு நாள் தவறியதில்லை. பனி கொட்டிய நாளில்கூட ஆம்புலன்ஸ்காரனைக் கெஞ்சி ஏறிக்கொண்டு போனவர் அவர்.

அவர் குடியிருந்த ஃபெர்ன்லி கோர்ட், வடக்கு இங்கிலாந்தில் அறுபதுகளில் எழுந்த பதின்மூன்று மாடிக் கட்டடம். நகராட்சி வீடுகள். சுவரெல்லாம் பூஞ்சை, லிஃப்டில் மூத்திர நாற்றம், குளிர்காலத்தில் வீட்டுக்குள்ளேயே மூச்சு புகையும். இருபது வருஷம் மனுப்போட்டு ஓய்ந்த பிறகு நகராட்சிக்குக் கண் திறந்தது. சாரம் கட்டினார்கள், புது ஜன்னல் வைத்தார்கள், வீட்டுக்கு வீடு தீயைத் தாங்கும் கனமான வாசல்கதவு போட்டார்கள். நல்ல காரியம்தான், யார் இல்லை என்றது?

அந்தக் கதவுக்கு மேலே ஓர் இரும்புக் கை உண்டு. அதுதான் திறந்த கதவைத் தானாக இழுத்து மூடும். எவ்வளவு வேகமாக இழுக்க வேண்டும் என்பதை ஒரு திருகாணியால் கூட்டலாம், குறைக்கலாம். பொருத்த வந்தவர்கள் எல்லா வீட்டிலும் உச்ச இறுக்கத்தில் வைத்துவிட்டுப் போனார்கள். சோதனைக்கு வரும் அதிகாரி ஏதாவது ஒரு கதவு சரியாக மூடவில்லை என்று சொல்லிவிடக் கூடாதே, அந்தக் கவலை அவர்களுக்கு. வெளியிலிருந்து வருகிறவர் தோளால் தள்ளினால் கதவு திறந்துவிடும். உள்ளே இருப்பவர்தான் அதை இழுத்துத் திறக்க வேண்டும். கிளிஃபர்டு இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தார். நாலு அங்குலம் வந்தது. பிறகு படாரென்று திரும்பி அவர் விரல்களை நசுக்கியது.

ஒன்பது நாள் கழித்து லின்சி பார்லோ வந்தாள். குடியிருப்போர் தொடர்பு அலுவலர் என்று உத்தியோகத்தின் பெயர்தான் நீளம். வேலை, வேலை முடிந்த வீடுகளில் கையெழுத்து வாங்குவது. கதவைத் தள்ளித் தோளால் தாங்கியபடி வாசலிலேயே நின்றாள்.

"எப்படி இருக்கு கிளிஃப், புதுக் கதவு?"

"குறை சொல்ல ஒண்ணுமில்ல, கண்ணு."

அந்த ஊர்க்காரர்கள் கால் ஒடிந்து கிடந்தாலும் இதைத்தான் சொல்வார்கள். அங்கேயே பிறந்து வளர்ந்த லின்சிக்கு இது தெரியாதா என்ன? நன்றாகத் தெரியும். ஆனால் வெள்ளிக்கிழமைக்குள் ஒன்பதாம் மாடியை முடித்துக் கொடுத்தாக வேண்டும், இன்னும் ஐந்து வீடு பாக்கி.

"விரலெல்லாம் என்ன இப்படிக் கன்னிப்போயிருக்கு?"

"அலமாரில இடிச்சுக்கிட்டேன்."

"பாத்து இருங்க. சரி, இங்க ஒரு கையெழுத்து."

அவர் கோணல் விரலால் கிறுக்கினார். அவள் தோளை எடுத்தாள். கதவு மூடிக்கொண்டது.

பேருந்தையே ஓட்டியவன் ஒரு கதவைத் திறக்க முடியவில்லை என்று எந்த வாயால் சொல்வது? எதிர்வீட்டு பாலின் திங்கள்தோறும் ரொட்டியும் பாலும் வாங்கி வருவாள். இடுப்பால் கதவைத் தள்ளி, பையை நீட்டி, "வேற ஏதாச்சும்?" என்பாள். "ஒண்ணும் வேணாம்மா" என்று விடுவார். காப்பகத்துக்குப் போன் போட்டு, "சளி பிடிச்சிருக்கு, அவளுக்கு ஒட்டிக்கும். நல்லா ஆனதும் வர்றேன்" என்று பொய் சொன்னார். அதைச் சொல்லும்போது அழுதார்.

மூன்றாவது வாரக் கடைசியில் கட்டட வேலை முழுக்க முடிந்ததற்கு நகராட்சி விருந்து வைத்தது. லின்சி வீடு வீடாக கேக் கொண்டு போனாள். இரண்டு கையிலும் பெட்டி இருந்ததால் முதன்முறையாக அவளால் கதவைத் தள்ள முடியவில்லை. மணியை முழங்கையால் அழுத்திவிட்டுக் காத்து நின்றாள்.

உள்ளே நடைவண்டி உருண்டு வந்தது. கைப்பிடி திரும்பியது. கதவு நாலு விரல் திறந்தது, மூடிக்கொண்டது. பெருமூச்சு. மறுபடி திறந்தது, மறுபடி மூடியது.

"கொஞ்சம் இரு கண்ணு... இதோ..."

லின்சி பெட்டிகளைக் கீழே போட்டுவிட்டுக் கதவைத் தள்ளினாள். கிளிஃபர்டு வேர்த்துப்போய் நடைவண்டியில் சாய்ந்து நின்றார்.

"எத்தன நாளா இப்படி?"

"கதவு போட்டதிலேர்ந்துதான்."

"அப்போ தினம் போவீங்களே, நோராவப் பாக்க?"

அவர் தொப்பியைத் தேடினார்.

கதவுக்காரன் கீரன் கீழே விருந்தில் இருந்தான். லின்சி கூப்பிட்டதும் வந்து திருகாணியைக் கால் சுற்றுத் தளர்த்தினான். கிளிஃபர்டு இழுத்தார். கதவு சத்தமில்லாமல் திறந்தது, சத்தமில்லாமல் தானாகவே மூடியது. இரண்டு நிமிஷ வேலை.

அன்றைக்கே லின்சி தன் காரில் அவரைக் காப்பகத்துக்கு அழைத்துப் போனாள். மணி இரண்டு. நோரா ஜன்னல் பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

"முதல் வாரம் பூரா வாசலையேதான் பாத்துட்டிருந்தாங்க," என்றாள் நர்ஸ். "அப்புறம் பாக்கறத விட்டுட்டாங்க."

"நோரா, நான்தான் கிளிஃப்."

அவள் மரியாதையாகப் புன்னகைத்தாள். "ஹீட்டர பாக்க வந்தீங்களா? அந்தப் பக்கம் இருக்கு, பாருங்க."

கிளிஃபர்டு நாற்காலியை இழுத்துப் போட்டு, யாரோ ஒருவராக அவள் எதிரில் உட்கார்ந்தார். மறுநாளும் போனார், அதற்கு மறுநாளும் போனார். அவள் ஒரு நாள்கூட மறுபடி அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. அந்த முதல் நாளே லின்சி காருக்குள் உட்கார்ந்து அழுதாள். இந்த அழுகையால் யாருக்கு என்ன பிரயோசனம் என்று அவளுக்கே தன்மேல் வெறுப்பாக இருந்தது.

அடுத்த மாதம் பக்கத்துக் கட்டடத்தில் வேலை ஆரம்பித்தது. முதல் நாளே லின்சி கீரனையும் அவன் ஆட்களையும் நிறுத்தி வைத்துச் சொன்னாள்.

"இனிமே நாம வெளியில நிக்கணும். வீட்டுக்காரங்க உள்ளேர்ந்து தன் கையால ரெண்டு தடவ திறந்து காட்டணும். அதுக்கப்புறம்தான் கையெழுத்து."

"ஐம்பது வீடு இருக்கு லின்சி," என்றான் கீரன். "வீட்டுக்கு ரெண்டு நிமிஷம்னு வெச்சாலும் எவ்வளவு ஆகும் தெரியுமா?"

"தெரியும். கையெழுத்து வாங்கிட்டா கடமை முடிஞ்சிடுச்சுன்னு நெனச்சேன். ஒரு வீட்டச் சரி பண்றதுன்னா அதுல இருக்கற ஆளுக்கு அது சரியா இருக்கான்னு பாக்கறதுதான். அந்த ரெண்டு நிமிஷத்த நான் மிச்சம் பிடிச்சேன் கீரன். அதுல ஒரு மனுஷன் பொண்டாட்டியப் பறிகொடுத்துட்டாரு."