வளர வளரப் போட்டுக்கலாம்

அந்தத் தையல் கடையில் கத்தரிக்கோலைத் தொடும் உரிமை பெரியக்காவுக்கு மட்டும்தான். வெட்டுவது அவள், தைப்பது நடுவுள்ளவள், வருகிறவர்களிடம் வாயடிப்பது கடைக்குட்டி. யாரும் கூடிப் பேசி முடிவெடுத்ததில்லை. மூன்று பேரும் பிறந்த வரிசையிலேயே வேலையும் வந்து சேர்ந்துவிட்டது.

இன்று அந்த வரிசைக்கு ஆபத்து வந்தது. ஓட்டல் மேலாளர் மாதிரிச் சட்டையைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்றார். கைவிரல்களைக் காணோம்.

"கொஞ்சம் தாராளமா விட்டிருக்கேன் சார். வளர வளரப் போட்டுக்கலாம்" என்றாள் பெரியக்கா, பழக்கதோஷத்தில்.

"எனக்கு ஐம்பது வயசாகுதும்மா. இனிமே எங்கே வளர?"

கடைக்குட்டி சிரித்து மழுப்பிப் பார்த்தாள். பருப்பு வேகவில்லை. சாயங்காலத்துக்குள் உடம்புக்குப் பொருந்துகிற சட்டை வராவிட்டால், ஊழியர்களின் உடுப்பு மொத்தமும் எதிர்க் கடைக்குத்தான் என்று சொல்லிவிட்டு அவர் கிளம்பினார். அந்த ஆர்டரை நம்பித்தான் பக்கத்து அறையையும் வாடகைக்குப் பிடித்திருந்தார்கள்.

பெரியக்கா புதுத் துணியை விரித்துக் கோடு போட்டாள். மறுபடியும் அதே தாராளம். நடுவுள்ளவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் அக்காவை மட்டும் எப்படிக் குற்றம் சொல்வது? வீட்டில் மூத்தவளுக்கு எது தைத்தாலும் தொளதொளவென்றுதான் தைத்தார்கள். அதுதான் சரியான அளவு என்று அவளும் நம்பிவிட்டாள். அவளுக்குப் பற்றாமல் போனதும் அது இவளுக்கு வரும். கடைக்குட்டியிடம் போவதற்குள் தரை துடைக்கத்தான் லாயக்கு. அதனால் அவளுக்கு மட்டும் எப்போதும் புதுசு. அந்த மிடுக்கு இன்னும் போகவில்லை.

"அக்கா, கத்தரிக்கோலைக் கொடு."

"உனக்கு வெட்டத் தெரியுமாடி?"

"நீ போட்டுக் கழிச்சதையெல்லாம் எனக்குச் சேர்ற மாதிரி வெட்டித் தைச்சுக்கிட்டது யாருன்னு நினைச்சே? சின்ன வயசுலேர்ந்து என் பொழப்பே அதுதான்."

பெரியக்கா துணியைப் பார்த்தாள். "கெட்டுப்போச்சுன்னா?"

"நான் பதில் சொல்லிக்கிறேன். எல்லாத்துக்கும் நீயேதான் பதில் சொல்லணுமா?"

அதைக் கேட்டதும் பெரியக்காவின் முகம் என்னவோ போல் ஆயிற்று. கோபமில்லை. சுமையை யாராவது கேட்டு வாங்கினால் எப்படி இருக்கும் என்று அவளுக்கு இதுவரை தெரியாது. கத்தரிக்கோலை நீட்டினாள்.

நடுவுள்ளவள் பழைய கோட்டை அழித்துப் புதுக்கோடு போட்டாள். வெட்டினாள், தைத்தாள், இஸ்திரி போட்டாள்.

சாயங்காலம் மேலாளர் சட்டையைப் போட்டுக் கையைத் தூக்கினார், குனிந்தார், நிமிர்ந்தார். "எல்லாருக்கும் இதே மாதிரி" என்று சொல்லிவிட்டுப் போனார். கடைக்குட்டி குதித்தே விட்டாள்.

வெட்டும் மேசையில் நடுவுள்ளவள் நின்றிருந்தாள். வீட்டிலும் கடையிலும் யார் எங்கே உட்கார வேண்டும் என்று இத்தனை காலம் சொல்லி வந்த பெரியக்கா, மேசையோரம் நின்று தங்கையைக் கேட்டாள்.

"இனிமே நான் எங்கடி உட்காரணும்?"

"மெஷின்ல உட்காருக்கா" என்றாள் நடுவுள்ளவள், அடுத்த துணியை விரித்தபடி. "நான் வெட்டித் தர்றேன், நீ தை."