மூன்று என்று சொன்ன வலி

வலி இடுப்பில் கிளம்பி, பின்தொடை வழியாக இறங்கி, கெண்டைக்காலைக் கவ்வி, இடது பெருவிரலில் போய் உட்கார்ந்துகொண்டது. நான்கு வாரமாக அதே பாதைதான். கிடங்கில் அவனை இரும்பு என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலோடு சரி. அந்த இரும்பு இப்போது ஆஸ்பத்திரி பெஞ்சில் ஒருக்களித்து உட்கார்ந்திருந்தது. பக்கத்தில் மனைவி, ஸ்கேன் உறையை மடியில் வைத்துக்கொண்டு.

மூட்டை தூக்குகிறவர்கள் வலியைப் பாதிக்கு மேல் சொல்ல மாட்டார்கள். காலையில் லாரிக்கு ஆள் பிரிக்கும்போது இடுப்பு பிடித்திருக்கிறது என்று வாய்விட்டவனை முதல் நாள் பெருக்கவிடுவார்கள், மறுநாள் சாக்கு மடிக்கவிடுவார்கள், மூன்றாம் நாள் அவன் இடத்தில் வேறொருத்தன் நிற்பான். இருபத்திரண்டு வருஷமாக இரும்பு தன் இடத்தைக் காப்பாற்றி வைத்திருந்தான்.

அதனால், வலிக்குப் பத்துக்கு எத்தனை என்று டாக்டரம்மா கேட்டபோது, "மூணு" என்றான்.

"கல்லைப் பாத்து வலிக்குதான்னு கேட்டா, கல்லு என்னம்மா சொல்லும்?" என்றாள் மனைவி.

டாக்டரம்மா சிரித்தார். படுக்கவைத்துக் காலைத் தூக்கிப் பார்த்தார். பல்லைக் கடித்துக்கொண்டு, கொஞ்சம் இழுக்கிறது, அவ்வளவுதான் என்றான். பாதத்தை மேலே தூக்கச் சொல்லிக் கையால் அழுத்தினார். முழங்காலையும் இடுப்பையும் முறுக்கி எப்படியோ ஒப்பேற்றிவிட்டான். பாரத்தையே ஏமாற்றத் தெரிந்தவனுக்கு ஒரு கை அழுத்தம் எம்மாத்திரம்?

ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்து விளக்கினார். முதுகெலும்புத் தட்டு பிதுங்கி நரம்பை அழுத்துகிறது. இப்படிப்பட்டவர்களில் பாதிப் பேருக்கு ஆபரேஷன் செய்தும், பாதிப் பேரைக் காத்திருக்கவைத்தும் ஆராய்ச்சி செய்திருக்கிறார்கள். கத்தி பட்டவர்களுக்கு வலி சீக்கிரம் விட்டது. ஆனால் வருஷம் திரும்பும்போது இரண்டு கூட்டமும் ஏறக்குறைய ஒன்றுதான். வலி மூன்றுதான் என்றால் மாத்திரையும் பயிற்சியும் போதும், இன்னும் ஒரு மாதம் பார்க்கலாம் என்று சொல்லி எழுதத் தொடங்கினார்.

இரும்புக்கு வயிற்றில் பால் வார்த்தமாதிரி இருந்தது. எழுந்து கதவுப்பக்கம் நடந்தான். வலது கால் ஓசையில்லாமல் போயிற்று. இடது கால் 'தப்' என்று தரையில் விழுந்தது. மறுபடியும் 'தப்'.

பேனா நின்றது.

"கொஞ்சம் நில்லுங்க. அந்தச் செருப்பைக் குடுங்க."

அவன் கூச்சப்பட்டான். அவர் அதைப் பொருட்படுத்தாமல் குனிந்து இரண்டையும் கையில் எடுத்துப் புரட்டினார். இடது செருப்பின் முனை மட்டும் எலி கடித்தமாதிரி தேய்ந்திருந்தது. வாங்கி இரண்டு மாதம்கூட ஆகவில்லை என்றாள் மனைவி. குதிகாலை மட்டும் ஊன்றி நடக்கச் சொன்னார். வலது பாதம் நிமிர்ந்தது. இடது பாதம் வாடின வெற்றிலையாகத் தொங்கியது.

இனி மறைக்க என்ன இருக்கிறது? வலி எட்டு, படி ஏறினால் ஒன்பது, பத்து நாளாக லாரிப் பலகையில் கால் தடுக்குகிறது என்று தரையைப் பார்த்தே சொல்லி முடித்தான். மனைவி டாக்டரம்மா கையிலிருந்த செருப்பை வாங்கி அவன் காலடியில் வைத்தாள். அதுதான் அதிகமாகச் சுட்டது.

டாக்டரம்மா கோபப்படவில்லை. "நான் சொன்ன கணக்கு பொய்யில்லைங்க. ஆனா அது உள்ளதைச் சொன்னவங்களை வச்சுப் போட்டது. காலு பலம் இறங்கிக்கிட்டே போறவங்களை அதுல சேர்க்கவே இல்ல."

"ஆபரேஷன் பண்ணா பாதம் பழையபடிக்குத் திரும்பிடுமாம்மா?" என்றாள் மனைவி.

"திரும்பலாம். திரும்பாமலும் போகலாம். நாள் கடத்தினா வாய்ப்பு குறையும்னு நினைக்கிறேன். அதுக்கு உறுதியான ஆதாரம்னு காட்ட எங்கிட்ட பெரிசா இல்ல, இத்தனை வருஷம் பாத்ததுதான் இருக்கு. முடிவு நீங்க ரெண்டு பேரும் எடுக்கணும்."

மூட்டையில் ஐம்பது கிலோ என்று சீட்டு தைத்திருக்கும். தூக்குகிறவன் சீட்டைப் படிப்பான், அப்புறம் ஒரு முனையை அசைத்துப் பார்ப்பான். நனைந்த மூட்டை அறுபதும் இருக்கும். சீட்டை மட்டும் நம்பினவன் முதுகு போகும். சீட்டே வேண்டாம் என்றவன் முதுகும் போகும். இந்தம்மா சீட்டைப் படித்தார், முனையையும் அசைத்தார். ஈரம் என்று தெரிந்ததும், தான் எழுதின மருந்துச் சீட்டைத் தானே அவர்கள் எதிரில் குறுக்கே அடித்தார். தன் பேச்சைத் தானே அடித்த மேஸ்திரி ஒருத்தனை இரும்பு இதுவரை பார்த்ததில்லை.

மனைவியைப் பார்த்தான். அவள் தலையசைத்தாள்.

"வெட்டிருங்கம்மா" என்றான்.

மூன்றாம் நாள் ஆபரேஷன் நடந்தது. பாதம் நிமிர ஐந்து மாதம் ஆயிற்று. வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டரம்மா ஒன்றே ஒன்று கேட்டிருந்தார்: "வருஷம் கழிச்சு வாங்க. நல்லா இருந்தாலும் வாங்க. நல்லா ஆனவங்க வேலை இருக்குன்னு வர்றதில்ல, ஆகாதவங்க வெறுத்துப்போய் வர்றதில்ல. அப்புறம் அடுத்த ஆளுக்கு நான் எதை வச்சுச் சொல்றது?"

வருவேன் என்றான். வருஷமும் நான்கு மாதமும் ஆகிவிட்டது, இன்னும் போகவில்லை. இப்போது லாரிமேல் நின்று மூட்டை இறக்கித் தருகிற இடம் அவனுக்கு. பெருவிரல் இன்னும் பாதி மரத்துத்தான் இருக்கிறது. ஆஸ்பத்திரிக்கு என்று லீவு கேட்டால் காலையில் ஆள் பிரிக்கிறபோது எல்லார் காதிலும் விழும். அந்தப் பயம் மட்டும் ஆபரேஷனில் போகவில்லை.

டாக்டரம்மாவுக்கு அவன் ஒரு எண் பாக்கி. பாதியாக்காமல் சொல்லவேண்டிய எண்.